பல்லவி மூன்று முறை வரும்

காஜா டிரம்ஸ் குச்சி இரண்டையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக் கொடுத்துவிட்டான், இனி முப்பத்தெட்டு விநாடி, அதற்குள் பெனடிக்ட் அண்ணன் கீபோர்டிலேயே வயலினும் வாசிப்பார், புல்லாங்குழலும் வாசிப்பார், பிறகு ஒரு சின்ன மௌனம், அந்த மௌனத்தில் செண்பகவல்லி வாயைத் திறந்தாக வேண்டும். ஒன்பது வருஷமாக இந்தப் பாட்டுக்குத் திறக்கிற வாய்தான். திண்டுக்கல்லில் ஒரு காதணி விழா, ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டரை மணி, மண்டபத்தில் பாதிப் பேர் பந்திக்குப் போயாயிற்று, மீதிப் பேர் அடுத்த பந்திக்கு எப்போது ஓடலாம் என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார்கள், காது குத்திய பிள்ளை தாய்மாமன் மடியில் அழுது ஓய்ந்து லட்டைச் சப்பிக்கொண்டிருக்கிறது, பிரியாணி வாசனை மேடைவரைக்கும் ஏறி வந்து மைக்கில் உட்கார்ந்திருக்கிறது, இந்தக் கூட்டத்தில் யார் இவள் நாக்கைக் கவனிக்கப் போகிறார்கள்? யாரும் இல்லை. அதுதான் பயமே. யாராவது கவனித்தால் பழியை அவர்கள்மேல் போட்டுவிட்டு வழக்கம்போலப் பாடிவிடலாம். காலையிலிருந்து கவனிக்கிறவள் இவள் ஒருத்திதான். காலையில் மகள் யாழினி இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் எழுந்து பெயர் சொல்ல வேண்டுமாம், "என் பேரு யாலினி" என்று ஒத்திகை பார்த்தாள். ஆறு வயசு. தோசையைத் திருப்பிக்கொண்டே இவள், யாலினி இல்லடி, யாழினின்னு ஒழுங்காச் சொல்லு என்று அதட்டினாள். யாழினி என்று சொன்னதாகத்தான் நினைத்தாள். குழந்தை ஒரு கணம் அம்மாவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "அதத்தானம்மா நானும் சொன்னேன்" என்றது. தோசை கருகிப்போனது. கோவில்பட்டியில் பிறந்த செண்பகவல்லிக்குத் தெரியாததா, அங்கே பழத்தைப் பளம் என்றுதான் கேட்டு வாங்குவார்கள், அது ஊர்ப் பேச்சு, அதில் ஒரு குறையும் இல்லை, ஊர்ப் பிள்ளையாக இருந்திருந்தால் யாளினி என்று சொல்லியிருக்கும். இது யாலினி என்றது. இது ஊரிலிருந்து வரவில்லை, பாட்டிலிருந்து வந்தது, அம்மா சமையல்கட்டில் பாடிப் பாடிப் பழகியதிலிருந்து வந்தது. மதுரையிலிருந்து வேனில் வரும்போது வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அந்தப் பெயரை முணுமுணுத்துப் பார்த்தாள், கூடப் பாடுகிற சந்தனக்குமார், என்னக்கா மந்திரமா என்று கேட்டான், இன்ஜின் சத்தத்தில் வந்ததா வரவில்லையா என்றே தெரியவில்லை. முப்பது விநாடி போய்விட்டது. புல்லாங்குழல் வந்துவிட்டது.

நிலலாய் நீ எலும் பொலுதிலே, நான் முலுதாய் விலுந்தேனே. பாடிவிட்டாள். ரெக்கார்டில் இருக்கிற மாதிரியே, ஒரு மயிரிழை பிசகாமல், அந்த 'விலு'வில் மூச்சைக் கொஞ்சம் கசியவிட்டு. பெனடிக்ட் அண்ணன் தலையை ஆட்டினார். நிழலாய் நீ எழும் பொழுதிலே நான் முழுதாய் விழுந்தேனே என்பதுதான் வரி, அப்படி ஒன்றும் காவியம் இல்லை, எழுதியவர் வீட்டில் ழகரம் நிறைய மிஞ்சிப் போயிருந்தது போலிருக்கிறது, எடுத்துத் தாராளமாகத் தூவிவிட்டார். ஆனால் மெட்டு நல்ல மெட்டு. படம் மூன்று நாள்கூட ஓடவில்லை, பாட்டு ஒன்பது வருஷமாக ஓடுகிறது, கல்யாணம், காதுகுத்து, கல்லூரி விழா எங்கே போனாலும் இந்தப் பாட்டு இல்லாமல் மேடையை விட்டு இறங்கவிட மாட்டார்கள், எல்லாரும் சேர்ந்து 'விலுந்தேனே' என்று பாடுவார்கள், தெரிந்தே பாடுவார்கள், அதுதான் பாட்டு என்று பாடுவார்கள். குழுவை நடத்துகிற பெனடிக்ட் அண்ணனுக்கு இருக்கிற ஒரே வேதம் ரெக்கார்டுதான். ரெக்கார்டில் தபேலா ஓர் இடத்தில் இடறியிருந்தால் காஜாவும் அந்த இடத்தில் இடற வேண்டும், பாடகர் சிரித்திருந்தால் சந்தனக்குமாரும் சிரிக்க வேண்டும், சனங்க காதுல எது இருக்கோ அதக் குடுக்கத்தான் நம்மளக் கூப்புடுறாக என்பார். மனிதர் சொல்வதும் பொய்யில்லை. ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாண வரவேற்பில், இந்தப் பாட்டு வந்த புதிதில், செண்பகவல்லி அதைச் சரியாகப் பாடினாள். முன்வரிசையிலிருந்து பட்டுச் சட்டை போட்ட ஒருவர் எழுந்து நேராக மேடைக்கு வந்து, அந்தப் பிள்ள தப்பாப் பாடுது, பாட்டுத் தெரிஞ்ச ஆளாப் போடுங்க என்று சொல்லிவிட்டு, சந்தேகத்துக்கு இடமில்லாமல் தன் கைப்பேசியில் அந்தப் பாட்டையும் போட்டுக் காட்டினார். பெனடிக்ட் அண்ணன் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். இவளையும் கேட்கச் சொன்னார். இவளும் கேட்டாள். நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது, மன்னிப்புக் கேட்டதற்காக அல்ல, கேட்டுவிட்டு அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று தப்பைப் பழகினாளே, ஒரு வாரம், நாக்கை முன்பல்லுக்கு இழுத்து இழுத்து, அதற்காக. பழக்கம் என்றால் பழக்கம். ஒரு பாட்டு இரண்டாகி, இரண்டு முப்பதாகி, எல்லா ரெக்கார்டும் அப்படித்தானே வருகிறது. இப்போது நாக்குக்கு முன்பல்லின் வீடுதான் தெரியும், பின்னால் ஒரு வீடு இருந்ததை அது மறந்தேபோய்விட்டதோ என்னவோ.

முதல் சரணம் இவளுடையது, வாய் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கிறது, வாய்க்கு மனசு தேவையில்லாத இடம் இது, இங்கே வந்தால் ஒவ்வொரு தடவையும் அந்தத் தாழ்வாரத்துக்குப் போய்விடுவாள். வடபழனிப் பக்கம் ஒரு ஒலிப்பதிவுக் கூடம், இருபத்துநான்கு வயசு, பெண்கள் விடுதியில் தங்கிக்கொண்டு ட்ராக் பாடிக்கொண்டிருந்த காலம். ட்ராக் என்றால் வேறொன்றும் இல்லை, பெரிய பாடகி வருவதற்கு முன் பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று ஒருத்தி பாடி வைப்பாள், பெரியவர் அதைக் காதில் மாட்டிக் கேட்டுக் கேட்டு அதே மாதிரி பாடுவார், பாடி முடித்ததும் முதலில் பாடியதை அழித்துவிடுவார்கள். வெளியே சொல்லிக்கொள்ளக் கூடாது. சொன்னாலும் யாரும் நம்பப் போவதில்லை, கட்டிக்கொண்டவரிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள், அவர் நல்ல மனுஷர், நம்புகிற முகத்தோடு கேட்டுக்கொண்டார். இந்தப் பாட்டை முதலில் பாடியவள் செண்பகவல்லி. அந்த 'விழு'வில் மூச்சுக் கசிகிறதே, ஊரே அதற்குச் சொக்கிக் கிடக்கிறதே, அது இவளுக்கு அன்று இருந்த சளி. மும்பையிலிருந்து வந்த அந்தம்மா சளியைக்கூட விடாமல் அப்படியே எடுத்துக்கொண்டார், ழகரத்தை மட்டும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. இப்போது இவள் அந்தம்மா பாடியதைப் பார்த்துப் பாடுகிறாள், அந்தம்மா இவள் பாடியதைப் பார்த்துப் பாடினார், சிரிப்பதா அழுவதா. அதுவாவது பரவாயில்லை, தாழ்வாரம்தான் போக மாட்டேன் என்கிறது. மூன்று தடவை பாடியும் சரியாக வராமல் அந்தம்மா வெளியே வந்து, இவள் நின்ற இடத்துக்கே வந்து, எவ்வளவு பெரிய பாடகி, பல் வைத்தியரிடம் காட்டுகிற மாதிரி வாயைத் திறந்து விரலால் உள்ளே காட்டி, "நாக்கு எங்கே போகுது? எனக்குச் சொல்லிக் குடு" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். வெட்கப்படாமல் கேட்டார். செண்பகவல்லி சிரித்துக்கொண்டே, "தெரியல மேடம், அதுவா வருது" என்றாள். பொய். அதுவாக வந்ததில்லை, எப்படி வந்தது என்று இவளுக்கு நன்றாகத் தெரியும், ஒரு நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்திருக்கலாம். சொல்லவில்லை. அவருக்கு வராமல் போனால் இந்த ஒரு வரிக்காகவாவது நம் குரலை வைத்துக்கொள்வார்கள் என்று ஒரு நப்பாசை, அதை நப்பாசை என்று இன்றைக்குச் சொல்கிறாள், அன்றைக்கு அது கெட்ட எண்ணம்தான், வராமல் போகட்டும் என்றே நினைத்தாள். அவர்கள் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை, மூன்றாவது டேக்கில்தான் ஃபீல் இருக்கிறது என்று இசையமைப்பாளர் சொல்லிவிட்டார், தப்போடு பாட்டு வெளியே போய்விட்டது. ஊர் முழுக்க அந்தம்மாவைக் கிண்டல் பண்ணியது. தமிழைக் கடித்துத் துப்புகிறாள் என்று எழுதினார்கள், மீம் போட்டார்கள். ஒவ்வொன்றையும் இவள் பார்த்தாள். ஒருத்தி கேட்டாள், ஒருத்தி மறைத்தாள், பழி கேட்டவளுக்கு, தண்டனை மறைத்தவளுக்கு, ஒன்பது வருஷம், வாரத்துக்கு இரண்டு தடவை, அதே தப்பை அவளே பாட வேண்டும். அதுகூடச் சரிதான் என்று சகித்துக்கொண்டாள், ஆனால் யாழினி என்ன பண்ணினாள்? பெயர் வைத்த அன்றைக்கு இந்த எழுத்துக்காகவே வைத்த பெயர் அது.

சரணம் முடிகிறது, பல்லவி வருகிறது, இரண்டாவது தடவை, இப்போது, இப்போதே, யார் வந்து கேட்டாலும் கேட்கட்டும் என்று நாக்கைத் தூக்கினாள், நிளலாய் நீ எலும், ஐயோ, நாக்கு பாதி வழியில் நின்றுவிட்டது, போகவும் இல்லை வரவும் இல்லை, பொளுதிலே, அது ரெக்கார்டும் இல்லை சரியும் இல்லை, இரண்டும் கெட்டான், முலுதாய் என்று பதறிப்போய்ப் பழைய இடத்துக்கே ஓடிவந்து விலுந்தேனே என்று முடித்துவிட்டாள். பெனடிக்ட் அண்ணன் கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தார். அவர் பார்த்ததுகூடப் பெரிதில்லை, இவ்வளவு நாளும், வேண்டாம் என்றுதான் சரியாகப் பாடவில்லை, வேண்டும் என்றால் பாடுவேன் என்று ஒரு பெட்டிக்குள் பூட்டிவைத்த மாதிரி நினைத்துக்கொண்டிருந்தாள், இப்போது திறந்து பார்த்தால் பெட்டி காலி. போய்விட்டது. நிஜமாகவே போய்விட்டது. காலையில் தோசைக்கல் முன்னால் வந்த பயம் சும்மா வந்த பயம் இல்லை. அம்மா பெண்ணை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது, இனிமேல் பாப்பா என்றோ குட்டி என்றோ கூப்பிட்டுக் காலத்தை ஓட்ட வேண்டியதுதான், அவளும் வளர்ந்து எங்கேயாவது எழுந்து நின்று என் பேரு யாலினி என்பாள், யாராவது ஒரு பட்டுச் சட்டை சிரிப்பான்.

இடையிசை. இனி இரண்டாவது சரணம் முழுக்கச் சந்தனக்குமாருடையது, அவன் எட்டு வரி பாடி முடிக்கும்வரை இவளுக்கு வேலை இல்லை, மைக்கைத் தாழ்த்திக்கொண்டு லேசாக ஆடினால் போதும். ஆடினாள். தொண்டை வறண்டு கிடந்தது. ஸ்பீக்கர் பெட்டியின்மேல் இவளுக்கென்று கொடுத்த ரோஸ்மில்க் தொடாமல் நிற்கிறது, டம்ளருக்கு வெளியே வியர்த்து, உள்ளே இரண்டு ஐஸ் கட்டி மிதந்துகொண்டு. பாடுகிறவர்கள் ஐஸ் தொடக் கூடாது, அதுவும் பெனடிக்ட் அண்ணன் சட்டம், அவர் சித்திரை வெயிலிலும் வெந்நீர்தான் குடிப்பார், இவளும் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தொட்டதில்லை, ஐஸ்கிரீம்கூட இல்லை. ஐஸ். செண்பகவல்லி ஆடுவதை நிறுத்தினாள். அட, ஐஸ்தானே. ஆறாம் வகுப்பு, பள்ளிக்கூட வாசல், சேமியா ஐஸ், கயல்விழி என்று ஒரு தோழி, யார் ஐஸைக் கடித்து வாயில் வைத்துக்கொண்டு அதிக நேரம் தாங்குவது என்று போட்டி, பல் கூசும், நாக்கு மரத்துப்போகும், தாங்க முடியாமல் நாக்கு மெல்லச் சுருண்டு பின்னால் போய் மேலண்ணத்தில் ஒண்டிக்கொள்ளும், அந்த நிலையில் பேச வேண்டும், அதுதான் பந்தயம். கயல்விழி என்றாள் இவள். சொன்ன மாத்திரத்தில் இரண்டு பேருமே நின்றுவிட்டார்கள். ஏய், இன்னொரு தடவ சொல்லு, ரேடியோல சொல்ற மாதிரி இருக்கு என்றாள் அவள், அவள் பெயரை அதுவரை வீட்டில்கூட யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அன்றைக்குப் பூராவும் அவள் பெயரையே சொல்லிக்கொண்டு திரிந்தார்கள், ஐஸ் கரைந்த பிறகும் வந்தது, மறுநாளும் வந்தது. இதைத்தான் அந்தம்மாவிடம் மறைத்தது, எவ்வளவு சின்ன விஷயம், வாசலில் பெட்டிக்கடை இருந்தது, அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒரு சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். சந்தனக்குமார் மூன்றாவது வரியில் இருக்கிறான். பெனடிக்ட் அண்ணன் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார், பார்க்கட்டும், இரண்டு விரலை டம்ளருக்குள் விட்டு ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அம்மாடி. பல் கூச்சம் நெற்றிவரைக்கும் ஏறியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ரோஸ் வாசனை மூக்கில் அடித்தது, ஐஸை முன்பல்லோரம் நிறுத்திவைத்தாள், அதுதான் இந்த நாக்கு ஒன்பது வருஷமாகக் குடியிருக்கிற இடம், இரு பார்க்கலாம், எவ்வளவு நேரம் இருப்பாய் என்று. ஐந்தாவது வரி. நாக்கு தவித்தது. கன்னத்துப் பக்கம் போய்ப் பார்த்தது, அங்கேயும் குளிர்ந்த தண்ணீர், ஆறாவது வரி, வேறு வழியில்லாமல் மெல்ல மடங்கிப் பின்னால் போனது, போய் மேலே ஒண்டியது. அங்கே வெதுவெதுப்பாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு, மைக்கை இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், யாழினி. இன்னொரு தடவை, யாழினி. இருக்கிறது. அடிப்பாவி, இங்கேயேதான் இருந்திருக்கிறது, எங்கேயும் போகவில்லை. ஏழாவது வரி, மிச்ச ஐஸை முழுசாக விழுங்கினாள், அது நெஞ்சுக்குள் கல்லாக இறங்கியது, எட்டாவது வரியைச் சந்தனக்குமார் இழுத்து முடித்துவிட்டு இவள் பக்கம் கையை நீட்டினான்.

நிழலாய். மரத்துப்போன நாக்கில் தனக்கே தெரியாத ஒரு தெளிவு. நீ எழும் பொழுதிலே. பெனடிக்ட் அண்ணன் தலை சடாரென்று நிமிர்ந்தது. நான் முழுதாய், இதோ, இந்த இடம்தான், விழு, அந்த எழுத்தின்மேல் ஏறி நின்றுகொண்டாள், நான்கு தட்டு நிற்க வேண்டும் என்று பாட்டில் இருக்கிறது, ஆறு தட்டு நின்றாள், குரல் பின்மண்டையில் அதிர்ந்தது, மூச்சுக் கசியவில்லை, இன்று சளி இல்லை, சளி இல்லாமல் இந்தப் பாட்டு எப்படி இருக்கும் என்று அவளே இன்றுதான் கேட்கிறாள், விழுந்தேனே. சந்தோஷமாக இருந்தது. அதற்கு வேறு சொல் கிடையாது, அவ்வளவு சந்தோஷம், அழித்துவிட்டார்கள் அழித்துவிட்டார்கள் என்று ஒன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாளே, எதையும் அழிக்க முடியவில்லை, இதோ மண்டபம் நிறைய நிற்கிறது. பாட்டு இத்தோடு முடிகிறது, பெனடிக்ட் அண்ணன் கை கடைசிக் கட்டைக்குப் போகிறது, செண்பகவல்லி அவரைப் பார்க்காமல் மறுபடியும் நிழலாய் என்று எடுத்துவிட்டாள். ரெக்கார்டில் இல்லாத நான்காவது பல்லவி. காஜா ஒரு கணம்தான் தடுமாறினான், பிறகு ஒரே சிரிப்பாகச் சிரித்துக்கொண்டு பிடித்துக்கொண்டான், பெனடிக்ட் அண்ணனுக்கும் வேறு வழியில்லை, தொடர்ந்து வந்தார், வேண்டா வெறுப்பாக வந்தவர் இரண்டாம் வரியில் எப்போதும் வாசிக்கும் ஸ்வரத்தை விட்டுவிட்டு எங்கிருந்தோ ஒரு புது ஸ்வரம் எடுத்து இவள் குரலுக்குக் கீழே வைத்தார். மனிதருக்குள் அதுவும் இருந்திருக்கிறது. பந்திக்கு எழுந்த ஒரு பெரியவர் மறுபடி உட்கார்ந்தார், பாட்டுக்காக உட்கார்ந்தாரா பந்தியில் இடம் இல்லாததால் உட்கார்ந்தாரா என்று இவள் ஆராயப் போவதில்லை, உட்கார்ந்தார், அவ்வளவுதான். காது குத்திய பிள்ளை லட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு மேடையைப் பார்த்தது. விழுந்தேனே என்று இரண்டாம் தடவையும் சொல்லிவிட்டு, தலை நிமிர்ந்து நின்றாள்.

அடுத்தது சந்தனக்குமார் தனியாகப் பாடும் பாட்டு. மேடையின் ஓரத்துக்கு வந்தவளைப் பெனடிக்ட் அண்ணன் கீபோர்டுக்கு மேல் குனிந்து கூப்பிட்டார். கோபமா இல்லையா என்று அவருக்கே தெரியாத முகம். "எந்த ரெக்கார்டும்மா இது?" என்றார். செண்பகவல்லி, "இதுதாண்ணே மொதல்ல எடுத்தது. நான்தான் பாடுனேன். அதக் கேட்டுத்தான் அந்தம்மா பாடுனாங்க" என்றாள். ஒன்பது வருஷம் வாய்க்குள் வைத்திருந்ததைச் சொல்லி முடிக்க மூன்று வாக்கியம்தான் ஆயிற்று. நம்புகிறாரா என்று நின்று பார்க்கவில்லை. காஜா கவுண்ட் கொடுக்கிற சத்தம் பின்னால் கேட்க, படியிறங்கி, பந்திக்காரர்கள் நடுவே புகுந்து, கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வீட்டுக்குப் போன் போட்டாள். கணவர்தான் எடுத்தார், சாப்பாடு ஆச்சு, எல்லாம் சரியாத்தான் இருக்கு, என்ன அவசரம் என்று கேட்டார். பிள்ளையிடம் கொடுங்கள் என்றாள். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது, போனை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டு பேசுவாள் அவள்.

"யாழினி" என்றாள்.

மெதுவாக, "அம்மா, இன்னொரு தடவ கூப்புடு" என்றது குழந்தை. கூப்பிட்டாள். இன்னும் ஒரு தடவை கூப்பிட்டாள். எப்பிடிம்மா சொல்ற, எனக்கு வரல என்று சிணுங்கியது அது, நாக்கு எங்க போகுது என்று கேட்கவில்லை, ஆனால் அதே கேள்விதான். வாஷ்பேசினில் யாரோ கொப்பளித்தார்கள், செண்பகவல்லியின் பல் இன்னும் கூசிக்கொண்டிருந்தது.

"அப்பாவ ஃப்ரிட்ஜத் தொறக்கச் சொல்லு. ஒரே ஒரு ஐஸ் கட்டி எடு" என்றாள்.